ஐக்கிய அமெரிக்காவின் வேளாண் வளங்காப்பு மற்றும் கடன் திட்டங்கள்

ஐக்கிய அமெரிக்காவின் வேளாண் வளங்காப்பு மற்றும் கடன் திட்டங்கள் என்பன, மண், நீர், காட்டுயிர் ஆகியவற்றைப் பேணும் விவசாயிகளுக்குப் பணமும் தொழில்நுட்ப உதவியும் அளிப்பதற்காகவும், வங்கிகளில் கடன் பெற இயலாத விவசாயிகளுக்குக் கடன் அளிப்பதற்காகவும் அந்நாட்டு நடுவண் அரசு நடத்தும் திட்டங்கள் ஆகும். இவற்றை ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறையின் இரண்டு முகமைகள் நடத்துகின்றன. வளங்காப்புத் திட்டங்களுள் பெரும்பாலானவை இயற்கை வளக் காப்புச் சேவையின் பொறுப்பிலும், கடன் திட்டங்கள் பண்ணைச் சேவை முகமையின் பொறுப்பிலும் உள்ளன.

திட்டங்களுக்கான சட்டமும் நிதியும் தலைநகர் வாசிங்டனில் தீர்மானிக்கப்படுகின்றன. எனினும், ஒரு விவசாயி அவற்றைப் பெறுவதற்கான வாயில் அவருடைய ஊருக்கு அருகில் உள்ள சேவை மையமே ஆகும். நிலத்தையும் அதை உழுபவரையும் நேரில் அறிந்த உள்ளூர் அலுவலகத்தின் வழியே உதவி சென்று சேர்வது இவ்வமைப்பின் வலிமையாகக் கருதப்படுகின்றது. அதே உள்ளூர்த் தன்மை, பல்லாண்டுகளாகக் கறுப்பின விவசாயிகள் உள்ளிட்ட பலருக்கு அவ்வாயில் அடைபட்டிருந்ததற்கும் காரணமாயிற்று. இத்திட்டங்களில் இன்று காணப்படும் விதிகள் பலவற்றை இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்தே புரிந்துகொள்ள முடியும்.

வரலாறு

கடன் திட்டங்களின் தோற்றம்

ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறை 1862 ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராக இருந்தபோது நிறுவப்பட்டது. தொடக்கத்தில் விதை, புள்ளிவிவரம், ஆராய்ச்சி ஆகியவையே அதன் முதன்மைப் பணிகளாக இருந்தன. விவசாயிகளுக்கு நீண்டகாலக் கடன் கிடைப்பதில் இருந்த இடர்ப்பாட்டைப் போக்க 1916 இல் நடுவண் பண்ணைக் கடன் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் உருவான நில வங்கிகளே, கடன் வாங்குவோரே உரிமையாளராக உள்ள கூட்டுறவு அமைப்பான இன்றைய பண்ணைக் கடன் அமைப்புக்கு அடிப்படை ஆகும்.

1929 இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, அடமானத்தை மீட்க முடியாமல் பல விவசாயிகள் நிலத்தை இழந்தனர். நிலமற்ற குத்தகை விவசாயிகளின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. 1935 இல் மீள்குடியேற்ற நிருவாகமும், 1937 இல் அதன் இடத்தில் பண்ணைப் பாதுகாப்பு நிருவாகமும் அமைக்கப்பட்டன. வங்கி கைவிட்டவருக்கு அரசே கடன் கொடுப்பது என்னும் கொள்கை இக்காலத்தில் வேரூன்றியது. 1946 இல் இப்பணி விவசாயிகள் இல்ல நிருவாகத்துக்கு மாறியது. 1994 இல் வேளாண்மைத் துறை மறுசீரமைக்கப்பட்டபோது அதன் பண்ணைக் கடன் பிரிவு, இன்றைய பண்ணைச் சேவை முகமையுடன் இணைக்கப்பட்டது.

மண்காப்பின் தோற்றம்

1930களில் ஒக்லகோமா, டெக்சசு, கன்சாசு, கொலராடோ, நியூ மெக்சிக்கோ ஆகிய மாநிலங்கள் சந்திக்கும் சமவெளிப் பகுதியில் கடும் வறட்சி ஏற்பட்டது. புல்வெளியாக இருந்த நிலம் முந்தைய ஆண்டுகளில் கோதுமைக்காகப் பெருமளவில் உழப்பட்டிருந்தது. வேர்களின் பிடிப்பை இழந்திருந்த மேல்மண்ணைக் காற்று வாரிச் சென்றது. 1934 மே மாதம் எழுந்த புழுதி, கிழக்குக் கடற்கரையில் உள்ள நியூ யார்க், வாசிங்டன் நகரங்கள் வரை சென்றது. 1935 ஏப்ரல் 14 அன்று வீசிய புயல் கறுப்பு ஞாயிறு என்று அழைக்கப்படுகின்றது. பாதிக்கப்பட்ட பகுதி தூசிக் கிண்ணம் என்னும் பெயரைப் பெற்றது.

மண்ணியலாளரான இயூ அமண்டு பெனட்டு, மண் அரிப்பு ஒரு தேசிய ஆபத்து என நீண்ட காலமாக எடுத்துரைத்து வந்தார். 1933 இல் உள்துறையின்கீழ் அமைக்கப்பட்ட மண் அரிப்புச் சேவைக்கு அவர் தலைமை ஏற்றார். 1935 இல் அச்சேவை வேளாண்மைத் துறைக்கு மாற்றப்பட்டது; அவ்வாண்டு ஏப்ரல் 27 அன்று மண்காப்புச் சட்டம் நிறைவேறியதும் அது மண்காப்புச் சேவை ஆயிற்று. 1994 முதல் இது இயற்கை வளக் காப்புச் சேவை என அழைக்கப்படுகின்றது.

தனியார் நிலத்தில் நடுவண் அரசு நேரடியாகத் தலையிடுவதை விவசாயிகள் ஏற்கத் தயங்கினர். எனவே 1937 இல் குடியரசுத் தலைவர் பிராங்கிளின் உரூசவெல்ட்டு, மண்காப்பு வட்டாரங்களை அமைப்பதற்கான மாதிரிச் சட்டம் ஒன்றை மாநில ஆளுநர்களுக்கு அனுப்பினார். அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் வட கரோலினாவில் முதல் வட்டாரம் அமைந்தது. பிரவுண் கிரீக்கு என்னும் பெயர் கொண்ட அவ்வட்டாரம் பெனட்டு பிறந்த ஆன்சன் கவுண்டியில் உள்ளது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 3,000 வட்டாரங்கள் உள்ளன. விவசாயியின் விருப்பத்தின் பேரிலேயே வளங்காப்பு நடைபெற வேண்டும் என்னும் கொள்கை அக்காலம் முதல் தொடர்கின்றது.

பண்ணைச் சட்டங்கள்

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நிறைவேற்றும் பெரிய வேளாண் சட்டம் பொதுவாகப் பண்ணைச் சட்டம் எனப்படும். வளங்காப்பைப் பொறுத்தவரை 1985 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு திருப்புமுனையாகும். எளிதில் அரிக்கப்படும் நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்கி வைப்போருக்கு ஆண்டு வாடகை கொடுக்கும் திட்டத்தை அது தொடக்கியது. மேலும், அத்தகைய நிலத்தைக் காப்புத் திட்டம் இன்றி உழுவோரும், ஈரநிலத்தை வடித்துப் பயிரிடுவோரும் அரசின் பண்ணை உதவிகளை இழப்பர் எனவும் அது விதித்தது. மானியமும் மண்காப்பும் முதன்முறையாக ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன.

1980களில் நிலவிலை சரிந்து வட்டி உயர்ந்ததால் பண்ணை நெருக்கடி ஏற்பட்டது. அதனையடுத்து 1987 இல் இயற்றப்பட்ட வேளாண் கடன் சட்டம், கடனாளிகளின் உரிமைகளையும் மாநிலங்களில் நடைபெறும் கடன் சமரசப் பேச்சுகளையும் வலுப்படுத்தியது. 1996 இல் சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டமும், 2008 இல் இன்றைய வளப் பேணுகைத் திட்டமும் உருவாயின. 2018 ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டத்தின் காலம் 2023 இல் முடிவுற்றபோது புதிய சட்டம் நிறைவேறாமையால் அது நீட்டிக்கப்பட்டது. 2022 இல் இயற்றப்பட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டம் வளங்காப்புக்குக் கூடுதலாக ஏறத்தாழ 1,950 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் செலவிட உறுதி செய்யப்படாத தொகை, 2025 சூலையில் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம், 2031 வரையிலான வழமையான வளங்காப்பு நிதியுடன் சேர்க்கப்பட்டது.

உள்ளூர் நிருவாக அமைப்பு

ஐக்கிய அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் கவுண்டி எனப்படும் சிறு ஆட்சிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு கவுண்டிக்கு, அல்லது அருகருகே உள்ள சில கவுண்டிகளுக்குச் சேர்த்து, வேளாண்மைத் துறையின் சேவை மையம் ஒன்று அமைந்திருக்கும். பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் பின்வரும் அமைப்புகள் இயங்குகின்றன:

- பண்ணைச் சேவை முகமை: கடன், பயிர் மானியம், பேரிடர் உதவி, நிலப் பதிவேடு ஆகியவற்றைக் கவனிக்கின்றது.
- இயற்கை வளக் காப்புச் சேவை: வளங்காப்புத் திட்டங்களையும் தொழில்நுட்ப ஆலோசனையையும் கவனிக்கின்றது.
- மண் மற்றும் நீர்க் காப்பு வட்டாரம்: மாநிலச் சட்டத்தின்படி அமைந்த உள்ளூர் அமைப்பு. எந்தப் பிரச்சினைக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்பதில் இதன் கருத்துக் கேட்கப்படுகின்றது.

பண்ணைச் சேவை முகமையின் ஒவ்வொரு கவுண்டி அலுவலகத்துக்கும் ஒரு கவுண்டிக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களை அப்பகுதி விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். உறுப்பினரின் பதவிக் காலம் மூன்று ஆண்டுகள் ஆகும். நடுவண் அரசின் திட்டங்களை உள்ளூர் நிலைமைக்கு ஏற்ப நடைமுறைப்படுத்துவது இக்குழுக்களின் நோக்கமாகும். முற்காலத்தில் கடன் விண்ணப்பங்களிலும் இத்தகைய உள்ளூர்க் குழுக்களுக்குப் பங்கு இருந்தது. இன்று கடன் பற்றிய முடிவை முகமையின் கடன் அலுவலர்களே எடுக்கின்றனர்.

இவை தவிர, மாநிலப் பல்கலைக்கழகங்களுடன் இணைந்த வேளாண் விரிவாக்கச் சேவை 1914 முதல் இயங்கி வருகின்றது. இச்சேவை நேரடியாகக் கடனோ மானியமோ அளிப்பதில்லை. எனினும், எத்திட்டம் யாருக்குப் பொருந்தும் என விளக்குவதிலும், வரவு செலவுத் திட்டம் தயாரிப்பதிலும் விவசாயிகளுக்குத் துணை செய்கின்றது.

வளங்காப்புத் திட்டங்கள்

வளங்காப்புத் திட்டங்களை, நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்கி வைப்பவை, சாகுபடி நடக்கும் நிலத்தில் நல்ல முறைகளை ஊக்குவிப்பவை, நிலத்தின் பயன்பாட்டை நிலையாகக் கட்டுப்படுத்துபவை என மூவகையாகப் பிரிக்கலாம்.

வளங்காப்பு ஒதுக்கத் திட்டம்

1985 இல் தொடங்கிய இத்திட்டத்தைப் பண்ணைச் சேவை முகமை நடத்துகின்றது. எளிதில் அரிக்கப்படும் நிலத்திலும் நீரோடைக் கரைகளிலும் பயிரிடாமல் புல்லோ மரமோ வளர்ப்பதற்கு விவசாயி 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்கின்றார். அதற்கு ஈடாக ஆண்டு வாடகையும், புல் அல்லது மரம் நடுவதற்கான செலவில் ஒரு பகுதியும் அவருக்குக் கிடைக்கும். 2007 இல் இத்திட்டத்தில் இருந்த நிலம் ஏறத்தாழ 3.68 கோடி ஏக்கர் என்னும் உச்சத்தை எட்டியது. பின்னர் தானிய விலை உயர்ந்ததாலும், சட்டம் உச்ச வரம்பைக் குறைத்ததாலும் இப்பரப்பு சுருங்கியது. 2018 ஆம் ஆண்டுச் சட்டம் 2023 க்கான உச்ச வரம்பை 2.7 கோடி ஏக்கராக நிர்ணயித்தது.

சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம்

ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஈக்விப் என அழைக்கப்படும் இத்திட்டம், சாகுபடியும் கால்நடை வளர்ப்பும் நடக்கும் நிலத்துக்கானது. மூடுபயிர் விதைத்தல், நீரோடைக்குள் மாடுகள் இறங்காமல் வேலி அமைத்தல், சாணக் கிடங்கு கட்டுதல், சொட்டுநீர்ப் பாசனம், நெகிழிக் கூடாரங்களில் காய்கறி வளர்த்தல் முதலிய பல வேலைகளுக்கு இதன்கீழ்ப் பணம் கிடைக்கும். மதிப்பிடப்பட்ட செலவில் 75 விழுக்காடு வரை அரசு அளிக்கலாம். புதிதாகத் தொழிலில் இறங்கியோர், வருவாய் குறைந்தோர், படைத்துறையில் பணியாற்றியோர் ஆகியோருக்கு 90 விழுக்காடு வரை அளிக்கச் சட்டம் இடம் தருகின்றது. நிதியில் குறைந்தது பாதி கால்நடை தொடர்பான வேலைகளுக்குச் செல்ல வேண்டும் என்பது 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியாகும்.

வளப் பேணுகைத் திட்டம்

ஏற்கனவே நிலத்தை நன்கு பேணி வரும் விவசாயி, அதனைத் தொடர்ந்து மேலும் மேம்படுத்துவதற்கு இத்திட்டம் பணம் தருகின்றது. ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகள் ஆகும். ஈக்விப் ஒரு குறிப்பிட்ட குறையைச் சரிசெய்ய உதவுவது. வளப் பேணுகைத் திட்டமோ பண்ணை முழுவதையும் கணக்கில் கொள்கின்றது.

காப்புரிமைத் திட்டம்

வேளாண் நிலம் வீட்டுமனையாக மாறாமல் தடுக்கவும், வடிக்கப்பட்ட ஈரநிலத்தை மீட்கவும் இத்திட்டம் பயன்படுகின்றது. நிலத்தின் உரிமை விவசாயியிடமே இருக்கும். குறிப்பிட்ட சில பயன்பாடுகளுக்கான உரிமையை மட்டும் அவர் விற்கின்றார். அக்கட்டுப்பாடு நிலத்தோடு சேர்ந்தது என்பதால், பின்னாளில் அந்நிலத்தை வாங்குவோரையும் அது கட்டுப்படுத்தும்.

இத்திட்டங்களுக்கு அப்பால், எந்த ஒப்பந்தமும் இன்றிப் பெறக்கூடிய தொழில்நுட்ப உதவியும் உண்டு. இயற்கை வளக் காப்புச் சேவையின் அலுவலர் நிலத்தைப் பார்வையிட்டு, மண், சரிவு, நீர்வழி ஆகியவற்றை ஆராய்ந்து, ஒரு வளங்காப்புத் திட்டவரைவைக் கட்டணம் இன்றித் தயாரித்துக் கொடுப்பார்.

கடன் திட்டங்கள்

பண்ணைச் சேவை முகமை பொதுவாகக் கடைசிப் புகலிடமான கடன்கொடுநர் எனக் குறிப்பிடப்படுகின்றது. நியாயமான வட்டியிலும் நிபந்தனையிலும் வேறு இடத்தில் போதிய கடன் பெற இயலாதவர் என்பதே நேரடிக் கடனுக்கான அடிப்படைத் தகுதியாகும். அதே வேளையில், கடனைத் திருப்பிச் செலுத்தும் ஆற்றல் இருப்பதையும் விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். வங்கிக் கடன் கிடைக்காத அளவுக்கு நலிந்தும், கடனை அடைக்கும் அளவுக்கு வலுவுற்றும் இருக்க வேண்டும் என்னும் இந்த இரட்டை நிபந்தனை புதிய விவசாயிகளுக்குப் பெரும்பாலும் குழப்பம் தருகின்றது.

முதன்மையான கடன் வகைகள் பின்வருமாறு:

- நில உடைமைக் கடன்: நிலம் வாங்கவும், கட்டடம் கட்டவும், மண் மற்றும் நீர்க் காப்பு வேலைகளைச் செய்யவும் பயன்படும். 2018 ஆம் ஆண்டுச் சட்டம் நேரடிக் கடனின் உச்ச வரம்பை 6 இலட்சம் டாலராக உயர்த்தியது. தவணைக் காலம் 40 ஆண்டுகள் வரை இருக்கலாம்.
- நடைமுறைக் கடன்: விதை, உரம், தீவனம், கால்நடை, இயந்திரம் முதலியவற்றுக்கானது. அதே சட்டம் இதன் வரம்பை 4 இலட்சம் டாலராக உயர்த்தியது.
- குறுங்கடன்: காய்கறிப் பண்ணை போன்ற சிறு முயற்சிகளுக்காக 2013 இல் தொடங்கப்பட்டது. வரம்பு 50,000 டாலர். விண்ணப்பப் படிவங்கள் குறைவு என்பதே இதன் சிறப்பு.
- முன்பணக் கடன்: புதிய விவசாயி நிலவிலையில் 5 விழுக்காட்டைக் கையிலிருந்து செலுத்தினால், 45 விழுக்காடு வரை முகமை கடனாக அளிக்கும். எஞ்சிய தொகையை வங்கியோ நிலத்தை விற்பவரோ கடனாகத் தரலாம்.
- உத்தரவாதக் கடன்: வங்கியே கடன் கொடுக்கின்றது. கடன் திரும்பாவிட்டால் ஏற்படும் இழப்பில் பொதுவாக 90 விழுக்காடு வரை ஈடுசெய்வதாக முகமை உறுதியளிக்கின்றது. 2018 ஆம் ஆண்டுச் சட்டம் இதன் வரம்பை 17.5 இலட்சம் டாலர் என வைத்து, ஆண்டுதோறும் பணவீக்கத்துக்கு ஏற்ப உயரச் செய்தது.

பண்ணைத் தொழிலில் 10 ஆண்டுகளுக்கு மேற்படாத அனுபவம் உள்ளவர் தொடக்கநிலை விவசாயி எனக் கொள்ளப்படுவார். நேரடிக் கடன் நிதியில் ஒரு பகுதி இவர்களுக்கென ஒதுக்கி வைக்கப்படுகின்றது. நேரடிக் கடன் நிலையான ஏற்பாடாகக் கருதப்படுவதில்லை. கடனாளி சில ஆண்டுகளில் வலுப்பெற்று வங்கிக் கடனுக்கு மாற வேண்டும் என்பதே எதிர்பார்ப்பாகும்.

விண்ணப்பிக்கும் முறை

ஒரு விவசாயி பொதுவாகப் பின்வரும் படிகளைக் கடக்க வேண்டியிருக்கும்:

1. பண்ணை எண் பெறுதல். நிலப் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தத்துடன் பண்ணைச் சேவை முகமையின் உள்ளூர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இந்த எண் இன்றிப் பெரும்பாலான திட்டங்களில் சேர முடியாது.
2. தகுதிப் படிவங்கள். அரிக்கப்படும் நிலம், ஈரநிலம் தொடர்பான 1985 ஆம் ஆண்டு விதிகளைப் பின்பற்றுவதாக உறுதியளிக்க வேண்டும். கடன் பெறுவோருக்கும் இவ்விதி பொருந்தும். வளங்காப்புத் திட்டங்களுக்கு வருமான வரம்பும் உண்டு. சராசரி ஆண்டு வருமானம் 9 இலட்சம் டாலரைத் தாண்டியோர், சில விதிவிலக்குகள் நீங்கலாக, தகுதி பெறுவதில்லை.
3. நிலத்தைப் பார்வையிடல். வளங்காப்பு அலுவலருடன் நிலத்தில் நடந்து, பிரச்சினைகளைக் கண்டறிந்து, திட்டவரைவு தயாரிக்கப்படும்.
4. தரவரிசை. விண்ணப்பம் ஆண்டு முழுவதும் பெறப்பட்டாலும், ஒவ்வொரு மாநிலமும் அறிவிக்கும் கடைசி நாளுக்குள் வந்தவை மட்டும் அந்தச் சுற்றில் மதிப்பெண் இடப்பட்டு வரிசைப்படுத்தப்படும். நிதி உள்ளவரை வரிசையின் மேலிருந்து தேர்வு நடைபெறும்.
5. ஒப்பந்தமும் வேலையும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கியவருக்கு, முன்கூட்டியே விலக்குப் பெற்றிருந்தால் அன்றி, பணம் கிடைக்காது. வேலை வகுக்கப்பட்ட தரத்தின்படி முடிந்ததை அலுவலர் உறுதி செய்த பின்னரே பணம் வழங்கப்படும்.

கடைசிப் படியில் கூறப்பட்ட விதியால் விளையும் சிக்கல் பெரிது. வேலி, கிடங்கு போன்றவற்றுக்கான பணத்தை விவசாயி முதலில் தாமே செலவிட்டுப் பின்னர் பெற வேண்டியுள்ளது. கையில் பணம் இல்லாதவருக்கு 75 விழுக்காட்டு உதவியும் எட்டாத உதவியாகிவிடலாம். இதனாலேயே தொடக்கநிலை விவசாயிகள், வருவாய் குறைந்தோர் முதலியோர் தமக்குரிய தொகையில் குறைந்தது பாதியை முன்பணமாகக் கேட்டுப் பெறச் சட்டம் வழி செய்துள்ளது. வளங்காப்பு வேலைக்கான தொடக்கச் செலவைப் பண்ணைக் கடனைக் கொண்டு சமாளிப்போரும் உண்டு. அருகருகே உள்ள இரண்டு மேசைகளில் கிடைக்கும் இந்த இரு உதவிகளும் ஒன்றையொன்று நிறைவு செய்யக்கூடியவை.

மறுப்பும் மேன்முறையீடும்

முழுமையான கடன் விண்ணப்பம் கிடைத்த 60 நாட்களுக்குள் முகமை முடிவைத் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பத்தை மறுத்தால் அதற்கான காரணத்தையும் மேன்முறையீட்டு உரிமையையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விவசாயி மறுபரிசீலனை கோரலாம், சமரசப் பேச்சு கேட்கலாம், அல்லது 30 நாட்களுக்குள் தேசிய மேன்முறையீட்டுப் பிரிவை அணுகலாம். இப்பிரிவு வேளாண்மைத் துறைக்குள் இருந்தாலும், முடிவெடுத்த முகமைகளிலிருந்து தனித்து இயங்குகின்றது.

உள்ளூர் அலுவலகத்துக்கு வரும் விவசாயிக்குச் சேவைச் சீட்டு வழங்கும் நடைமுறையும் உண்டு. அவர் எந்த நாளில் வந்தார், என்ன கேட்டார், என்ன விடை அல்லது உதவி அளிக்கப்பட்டது என்பன அச்சீட்டில் குறிக்கப்படும். 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கேட்போருக்கு இச்சீட்டு வழங்கப்பட்டது. 2014 ஆம் ஆண்டுச் சட்டம் கேளாதவருக்கும் வழங்க வேண்டும் என விதித்தது. இச்சிறு சீட்டின் தேவை அடுத்த பகுதியில் விளக்கப்படும் வரலாற்றிலிருந்து எழுந்தது.

பாகுபாடும் வழக்குகளும்

வேளாண்மையில் கடன் கிடைக்கும் காலம் கடன் தொகைக்கு இணையான முக்கியத்துவம் உடையது. விதைப்புக் காலம் கடந்த பின் வரும் கடன், மறுக்கப்பட்ட கடனுக்குச் சமம். தென் மாநிலங்களில் கறுப்பின விவசாயிகளின் விண்ணப்பங்கள் காலம் தாழ்த்தப்பட்டன, குறைந்த தொகைக்கே ஒப்புதல் பெற்றன, அல்லது காரணம் இன்றி மறுக்கப்பட்டன என்னும் முறையீடுகள் பல பத்தாண்டுகளாக எழுந்தன. உள்ளூர்க் குழுக்களில் வெள்ளையின நில உடைமையாளர்களே பெரும்பான்மையினராக இருந்தனர். முறையிடுவதற்கும் வேறு அலுவலகம் அருகில் இல்லை. இந்நிலையைக் குடிசார் உரிமைகளுக்கான ஐக்கிய அமெரிக்க ஆணையம் 1982 இல் வெளியிட்ட அறிக்கையும், வேளாண்மைத் துறையே அமைத்த குழு 1997 இல் அளித்த அறிக்கையும் எடுத்துக்காட்டின.

1920 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 9,25,000 கறுப்பின விவசாயிகள் இருந்தனர். 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்களின் எண்ணிக்கை 50,000 க்கும் குறைவாக இருந்தது. நகரங்களுக்குப் பெயர்ந்தமை, பருத்திச் சாகுபடியின் வீழ்ச்சி, இயந்திரமயமாக்கம் ஆகியவையும் இதற்குக் காரணங்களே. ஆயினும், கடன் மறுப்பால் நிலம் இழந்தோரும் பலர் ஆவர்.

வட கரோலினா விவசாயியான திமோத்தி பிக்போர்டும் பிறரும் 1997 இல் வேளாண்மைத் துறை மீது வழக்குத் தொடுத்தனர். 1981 முதல் 1996 வரை பாகுபாட்டுக்கு உள்ளானோருக்கு இழப்பீடு வழங்கும் உடன்பாட்டை நீதிமன்றம் 1999 இல் ஏற்றது. 15,000 க்கும் மேற்பட்டோர் இழப்பீடு பெற்றனர். அவர்களுள் பெரும்பாலோருக்குக் கிடைத்த தொகை 50,000 டாலர் ஆகும். குறித்த காலத்துக்குள் விண்ணப்பிக்காமல் விடுபட்ட பல்லாயிரம் பேருக்காக 2010 இல் 125 கோடி டாலர் மதிப்பிலான இரண்டாவது உடன்பாடு ஏற்பட்டது. அதே ஆண்டில், தொல்குடி அமெரிக்க விவசாயிகள் தொடுத்த கீப்சீகில் வழக்கு 76 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது.

2021 இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, சிறுபான்மையின விவசாயிகளின் அரசுக் கடன்களைத் தள்ளுபடி செய்ய முற்பட்டது. இன அடிப்படையிலான தள்ளுபடி சமத்துவத்துக்கு முரணானது எனத் தொடுக்கப்பட்ட வழக்குகளில் நீதிமன்றங்கள் அதற்குத் தடை விதித்தன. அப்பிரிவு 2022 இல் நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாக, முகமையின் கடன் திட்டங்களில் பாகுபாட்டுக்கு உள்ளானோருக்கு நிதி உதவி வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. 2024 சூலையில் 43,000 க்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 200 கோடி டாலர் வழங்கப்பட்டது. 2025 சூலையில், இனம், பால் ஆகியவற்றின் அடிப்படையிலான முன்னுரிமை வகைப்பாட்டைத் தன் திட்டங்களில் இனிப் பயன்படுத்துவதில்லை என வேளாண்மைத் துறை அறிவித்தது.

வாரிசுப் பொது நிலம்

உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம், பாகப்பிரிவினை இன்றி எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாக இருப்பது வாரிசுப் பொது நிலம் எனப்படும். தென் மாநிலக் கறுப்பினக் குடும்பங்களிடையே இது மிகுதி. இத்தகைய நிலத்தை உழுபவரிடம் தம் பெயரில் பத்திரம் இராது. எனவே நிலத்தைப் பிணையாக வைத்துக் கடன் வாங்க முடியாது. நீண்ட காலம் பண்ணை எண் பெறுவதும் கடினமாக இருந்தது. அவர் தலைமுறைகளாக அந்நிலத்தில் பயிரிட்டு வந்தாலும் அரசின் ஏட்டில் விவசாயியாக இடம் பெறவில்லை.

2018 ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டம், பத்திரத்துக்கு மாற்றாக வேறு சில ஆவணங்களைக் காட்டிப் பண்ணை எண் பெற வழிவகுத்தது. வாரிசுகளுக்கிடையே உரிமையைத் தீர்த்துக்கொள்ள ஆகும் செலவுக்கு இடைநிலை நிறுவனங்கள் வழியாகக் கடன் அளிக்கும் திட்டம் 2021 இல் தொடங்கப்பட்டது.

பயன்களும் விமர்சனங்களும்

வேளாண்மைத் துறையின் கணக்கீட்டின்படி, பயிர்நிலங்களில் நீராலும் காற்றாலும் அரிக்கப்பட்ட மண்ணின் அளவு 1982 இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 கோடி டன்னாக இருந்தது. 2007 இல் அது ஏறத்தாழ 170 கோடி டன்னாகக் குறைந்தது. ஒதுக்கத் திட்டமும், 1985 ஆம் ஆண்டு நிபந்தனைகளும், உழவில்லாச் சாகுபடியின் பரவலும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

இத்திட்டங்கள் மீது முன்வைக்கப்படும் விமர்சனங்கள் பின்வருமாறு:

- விண்ணப்பிப்போரின் எண்ணிக்கைக்கு ஏற்ற நிதி இல்லை. பல ஆண்டுகளில் ஈக்விப், வளப் பேணுகைத் திட்டம் ஆகியவற்றுக்கு விண்ணப்பித்தோரில் பாதிக்கும் குறைவானோரே ஒப்பந்தம் பெற்றனர்.
- பெரிய கால்நடைப் பண்ணைகளின் சாணக் கிடங்குகளுக்கு ஈக்விப் நிதி செல்வது, மாசுபடுத்துவோருக்கே பணம் கொடுப்பதாகும் எனச் சுற்றுச்சூழல் அமைப்புகள் கூறுகின்றன. மாசைத் தடுக்க அதுவே நேரடி வழி எனக் கால்நடை வளர்ப்போர் மறுமொழி கூறுகின்றனர்.
- ஒதுக்கத் திட்ட ஒப்பந்தம் முடிந்ததும், தானிய விலை உயர்ந்திருந்தால் நிலம் மீண்டும் உழப்படுகின்றது. பல ஆண்டுகள் பேணிய மண் சில பருவங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.
- குத்தகை நிலத்தில் பயிரிடுவோர், நில உரிமையாளரின் ஒத்துழைப்பு இன்றி நீண்டகால ஒப்பந்தங்களில் சேர முடிவதில்லை.
- அரசின் நிதி முடிவுகள் மாறும்போது ஒப்பந்தம் செய்தோர் இடர்ப்படுகின்றனர். 2025 இன் தொடக்கத்தில் 2022 ஆம் ஆண்டுச் சட்ட நிதியிலிருந்து வர வேண்டிய கொடுப்பனவுகள் சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டன. வேலையை முடித்துத் தம் பணத்தைச் செலவிட்டிருந்த விவசாயிகள் காத்திருக்க நேர்ந்தது.

இவற்றோடு, திட்டங்கள் இருப்பதையே பலர் அறியாதிருப்பதும் தொடரும் குறையாகும். பெரும் பண்ணைகள் விண்ணப்பங்களைத் தயாரிக்க ஆலோசகர்களை அமர்த்திக்கொள்ள இயலும். சிறு விவசாயிக்கு உள்ளூர் அலுவலகமே ஒரே வழிகாட்டி. அவ்வலுவலகத்தில் போதிய பணியாளர் இருப்பதும், வருவோர் அனைவரும் ஒரே வகையில் நடத்தப்படுவதும், அளிக்கப்படும் விடை எழுத்தில் பதிவாவதும், சட்டத்தில் எழுதப்பட்ட உதவி அவருடைய நிலம் வரை சென்று சேர்வதற்கு இன்றியமையாதவை ஆகும்.